மார்வென்டோவை அளந்த விதம்

1

2025 ஓகஸ்ட் 12, செவ்வாய்.
நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. பதினைந்து சுரங்களுக்கும் நேரே 'சுருதி பிழை' என்று எழுதியிருந்தேன். பதினைந்தும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. பக்கம் 41 முழுவதும் செல்லாது.

இந்தக் கதை இந்த ஐந்து வரியிலிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மாலை வகுப்பில் எல்லோரும் ஒரு பயிற்சிக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஆறாம் ஏழாம் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள். நான் நாற்பத்தொன்றாம் பக்கம் வரை போய், அங்கே வழுக்கி விழுந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. 'நான்' என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே எனக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறேன். அதனால் என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாட்சாயினி என்று ஒருத்தியை வைக்கிறேன். அவளுக்கு வயது இருபத்து நான்கு. என்னை விட ஒரு வயது குறைவு. அந்தச் சலுகையை மட்டும் எனக்குத் தாருங்கள். சாக்சபோனின் பெயரும் நான் வைத்ததுதான். மார்வென்டோ என்று நீங்கள் எங்கே தேடினாலும் கிடைக்காது. உண்மையான பெயரை எழுதாததற்குக் காரணம் மூன்றாம் பெட்டி. அது பின்னால் வரும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

முரசுமோட்டை வயல்களின் மேல் மாலைச் சூரியன் மெல்ல மெல்லச்

(நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் அவள் அரிசி ஆலைக்குள் தூசிக்கு மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூரியனைப் பார்க்கவில்லை.)

இரண்டாவது முயற்சி:

இசை என்பது ஆன்மாவின்

(ஆன்மாவின் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நிரப்பிக்கொள்ளலாம்.)

மூன்றாவது முயற்சி:

பிரதீபனின் கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன.

இது உண்மை. அளந்து பார்க்கக்கூடிய உண்மை. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

பிரதீபனின் கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன. கிளிநொச்சியில் கலியாணங்களுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடை அது. கொழும்பு இறக்குமதியாளர் ஒருவர் ஒலிபெருக்கிகளோடு மூன்று ஆல்ட்டோ சாக்சபோன்களையும் அனுப்பி, விற்றுப் பார்க்கச் சொல்லியிருந்தார். மூன்றும் மார்வென்டோ. ஒன்றைப் பிரித்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தான் பிரதீபன். மற்ற இரண்டும் ஒட்டுப் பிரிக்காத பெட்டிகள்.

தாட்சாயினிக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாக்சபோன் வேண்டும். கண்டாவளைப் பொதுமண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்பில் எட்டு மாதமாக அவள் ஊதிவந்தது, பள்ளிக்கூடம் ஒன்றில் இரவல் வாங்கிய கருவி. வெள்ளியோடு அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை ஒத்திகை. ஆவணியில் தண்ணீரூற்றில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வகுப்பிலிருந்து நான்கு பேர் ஊதப் போகிறார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடம் தாட்சாயினிக்கா தில்லைநாதனுக்கா என்ற கேள்விக்கு வகுப்பை நடத்தும் நேசமலர் ரீச்சர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டா.

"சனிக்கிழமை ஆரின்ர கையில சாக்சபோன் இருக்குதோ, அவர்தான் நாலாவது ஆள்."

தில்லைநாதனிடம் சொந்தக் கருவி இருக்கிறது. தாட்சாயினியிடம் இருப்பது குறிப்பேடு. கலியாணம் போனாலும் போகட்டும் என்று விடலாம். ஆனால் வெள்ளிக்குப் பிறகு அவள் ஊதிப் பழகுவதற்கே எதுவும் இருக்காது.

(இங்கே ஒரு பந்தி அழித்தேன். அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எழுதியிருந்தேன். மேலே உள்ள கடைசி வரியைப் படித்தவருக்கு அது தெரிந்திருக்கும்.)

4

வாங்குவதற்கு முன் ஒரு பொருளைச் சோதிப்பது தாட்சாயினிக்குப் புதிதல்ல. முரசுமோட்டையில் அவள் வேலை செய்யும் ஆலையில் நெல்லின் ஈரப்பதம் அளப்பவள் அவள்தான். சாக்குக்குள் கூர்க்குழாயைக் குத்தி, மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் நெல் எடுப்பாள். மேல் நெல்லை மட்டும் பார்த்துத் தரம் சொன்னால் ஆலைக்காரர் சம்பளத்தை நிறுத்திவிடுவார்.

முதலில் மார்வென்டோ பற்றிக் கைப்பேசியில் தேடினாள். அதிகம் கிடைக்கவில்லை. பாராட்டி எழுதியவர்கள் எல்லோரும் பெட்டி வந்த மறுநாள் எழுதியிருந்தார்கள். பளபளப்பு, பை, கூடவே வந்த கையுறை. இரண்டு வருடம் ஊதிய பிறகு எழுதிய ஒருவரைக்கூட அவள் காணவில்லை. குறிப்பேட்டில் எழுதினாள்: 'கையுறை நல்லது என்பது உறுதி.'

திங்கள் மாலை வேலை முடிந்து நேரே கடைக்குப் போனாள். கண்ணாடி அலுமாரியில் இருந்ததை வாங்கி, ஊதுவாயில் கட்டும் நாணல் தகடான தன் ரீட்டைப் பொருத்தி, சுருதி காட்டும் செயலியைக் கைப்பேசியில் திறந்து வைத்தாள். வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் விரல் அட்டவணையைக் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருந்தாள். இடக்கை நடுவிரல் மட்டும் அமர்த்தினால் ஸ. அட்டவணையில் அதற்கு நேரே 'ஸி' என்ற ஆங்கிலச் சுரம். ஊதினாள். கைப்பேசி 'ஈ ஃபிளாட்' என்றது. அதைக் குறித்துக்கொண்டு, நேரே 'சுருதி பிழை' என்று எழுதினாள். அடுத்த சுரம். பிழை. அதற்கடுத்தது. பிழை. பதினைந்தையும் ஊதினாள். பதினைந்துக்கும் எழுதினாள். அழகான கையெழுத்து.

"அண்ணை, இது சுருதியில இல்லை" என்றாள்.

"எத்தினை பிழை?"

"பதினைஞ்சும்."

பிரதீபன் சாக்சபோனை வாங்கிக் குழந்தையைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "எனக்கு உதில ஒரு இழவும் தெரியாது பிள்ளை. ஸ்பீக்கர் எண்டாக் காதை வைச்சுச் சொல்லிப்போடுவன். நீங்கள் மில்லில அளக்கிற ஆள். நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"மற்ற ரெண்டும்?"

"ஒரே கொம்பனி, ஒரே லொட்தானே. அதுகளும் உப்பிடித்தான் இருக்கும். புதன்கிழமை லொறியில மூண்டையும் ஏத்தி விடுறன். நல்ல காலம் நீங்கள் வந்தது. ஆரும் வாங்கிப்போட்டு வந்து என்னோட சண்டை பிடிச்சிருப்பினம்."

அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கையில் சாக்சபோன் இல்லாத கவலை ஒரு பக்கம். ஏமாறாமல் தப்பிய பெருமை மறுபக்கம். பெருமைதான் கொஞ்சம் கூட.

5

(இந்த எண்ணில் பிரதீபனைக் கள்ளனாக்கிய ஒரு பகுதி இருந்தது. நல்ல கருவியை ஒளித்து வைத்துவிட்டுக் கெட்டதைக் காட்டுகிறான், அவள் கண்டுபிடிக்கிறாள். விறுவிறுப்பாகத்தான் வந்தது. வாசித்துக் காட்டியபோது வகுப்பில் என் பக்கத்துக் கதிரைக்காரன் விதுசன் கேட்டான்: "அந்த மனிசன் உங்களுக்கு என்ன செய்தவர் அக்கா?" ஒன்றும் செய்யவில்லை. சாக்சபோனைப் படுக்க வைக்கவேண்டுமா நிறுத்தி வைக்கவேண்டுமா என்று கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பியவன் அவன். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்பதற்காக நல்லவன் ஒருவனைப் பிடித்து அடைக்கப் பார்த்தேன். பகுதியை எடுத்துவிட்டேன். எண்ணை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

6

செவ்வாய் மாலை வகுப்பில் தாட்சாயினி குறிப்பேட்டைத் திறந்து நேசமலர் ரீச்சரிடம் நீட்டினாள். ரீச்சர் அட்டவணையை மேலிருந்து கீழே வாசித்தா. பிறகு கீழிருந்து மேலே வாசித்தா. சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினா. அடங்கவில்லை.

"தாட்சா, சுருதிப் பெட்டியைப் போட்டுவிடு."

போட்டாள். வகுப்புத் தொடங்கும்போது சுருதிப் பெட்டியைப் போடுவது எட்டு மாதமாக அவள் வேலை.

"எத்தினையில வைச்சிருக்கிறாய்?"

"ரெண்டரைக் கட்டையில."

"ஏன் ஒரு கட்டையில வைக்கேல்லை?"

"ஆல்ட்டோவுக்கு ஸ ரெண்டரையில தானே ரீச்சர்…"

ஒரு கட்டை என்றால் ஆங்கில 'ஸி'. இரண்டரைக் கட்டை என்றால் 'ஈ ஃபிளாட்'. ஆல்ட்டோ சாக்சபோனின் பிறவிக் குணம் அது. அட்டவணை 'ஸி' என்று சொல்லும் விரலில் காதுக்குக் கேட்பது 'ஈ ஃபிளாட்'. உலகத்தில் எந்த ஆல்ட்டோவும் அப்படித்தான். கைப்பேசி காதுக்குக் கேட்டதைச் சொன்னது. அவள் அட்டவணையோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் பிழை என்று எழுதினாள். தினமும் தன் கையாலேயே இரண்டரையில் திருகிவைத்தவள், கடையில் நின்றபோது அதை ஒருமுறைகூட நினைக்கவில்லை.*

* நான் இதை நியாயப்படுத்தப் பார்த்தேன். வகுப்பில் நாங்கள் ஸரிகமவில் படிக்கிறோம். ஸ எந்தக் கட்டையிலும் இருக்கும், இருந்துவிட்டால் மற்றதெல்லாம் அதைப் பின்தொடரும். ஆங்கிலச் சுரத்தின் பெயர் எங்களுக்குச் சுவரில் ஒட்டிய தாள் மட்டும்தான். இப்படி அரைப் பக்கம். பிறகு விதுசன் சொன்னதை நினைத்து அழித்தேன். அவன் சொன்னது கீழே.

"அக்கா, பத்து லொறி நெல்லும் ஒரே அளவு ஈரம் காட்டினா மில்லில என்ன செய்வியள்?"

தாட்சாயினி குறிப்பேட்டை மூடினாள்.

"சொல்லுங்கோவன்."

"மீட்டரைத் துடைப்பம்."

"பதினைஞ்சு சுரமும் ஒரே அளவு தள்ளிக் காட்டியிருக்கு. உங்களுக்கு மீட்டரில ஒரு சந்தேகமும் வரேல்லையாக்கும்."

"வாயை மூடடா விதுசன்."

"நான் மூடுறன். லொறி நாளைக்குப் போகுது."

அதுதான் அவளை எழுப்பியது. மண்டப வாசலுக்கு வந்து பிரதீபனை அழைத்தாள். நான்காவது மணியில் எடுத்தான்.

"அண்ணை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். சாக்சபோன் சரி. நான்தான் பிழை."

"எத்தினை பிழை?"

"பதினைஞ்சும்."

பிரதீபன் சொன்னான்: "நான் கொழும்புக்காரரோட காலமை வாய் காட்டிப்போட்டன், தெரியுமோ? 'எங்கட ஊரில அளந்து பாக்கிற ஆக்கள் இருக்கினம், உங்கட விளையாட்டு இஞ்ச வாய்க்காது' எண்டு."

"நான் அவரோட கதைக்கட்டோ?"

"வேண்டாம் வேண்டாம். இனியும் அளக்க வேண்டாம் எண்டும் சொல்லேலாது. காலமை வாங்கோ. லொறி பத்தரைக்கு. அதுக்குள்ள பாத்து முடியுங்கோ."

7

புதன்கிழமை ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்தாள். எட்டரைக்குக் கடையில் நின்றாள். முறையை மாற்றியிருந்தாள், இரண்டாவது தடவை அளப்பவளின் முறை.

முதலில் பத்து நிமிடம் வெறுமனே ஊதி உலோகத்தைச் சூடாக்கினாள். குளிர்ந்த குழல் ஒரு சுருதி, சூடேறிய குழல் இன்னொரு சுருதி. பிறகு சுரத்தின் பெயரைப் பார்க்காமல், கைப்பேசி முள் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் எழுதினாள். பதினைந்தில் பதின்மூன்று கோட்டிலேயே நின்றன. இரண்டு மேல் சுரங்கள் கொஞ்சம் உயர்ந்தன, உதட்டால் சரிசெய்துகொள்ளலாம்.

பிறகு ஊதுபத்திப் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை நறுக்கி, ஒவ்வொரு துளையின் தோல் மூடிக்கும் கீழே வைத்து மூடி, தாளை இழுத்தாள். இறுக்கமாக மூடினால் தாள் பிடிபடும். எல்லாம் பிடித்தன. கீழே, தாழ் ஸவுக்குரிய பெரிய மூடியில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ஊதிப் பார்த்தாள். பலமாக ஊதினால் தாழ் ஸ வந்தது. மெதுவாக ஊதினால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் காற்று மட்டும் வந்தது.

"இதில ஒண்டு ஒழுகுது அண்ணை."

"பதினைஞ்சும் பிழை எண்டதுக்கு இது பரவாயில்லை."

"மற்றதைப் பிரிக்கலாமோ?"

பிரதீபன் யோசித்தான். காட்சிக்கு வைத்த ஒன்றைத் தவிர, ஒட்டுப் பிரித்த பெட்டியைக் கொழும்புக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். இருந்தும் ஒரு பெட்டியைப் பிரித்தான். "நானும் அறிய வேணும்தானே, என்ன விக்கிறன் எண்டு."

இரண்டாம் சாக்சபோன் வெளியே வந்தது. அதே பெயர், அதே பளபளப்பு, அதே கையுறை. ஊதினாள். நடுச் சுரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு விலகின. மேல் ஸ்தாயிக்கு ஏற்ற அமர்த்தும் விசை அமர்ந்தது, திரும்ப எழும்பவில்லை. ஊதுபத்தித் தாள் ஏழு இடத்தில் வழுக்கியது. ஒரே தொழிற்சாலை, ஒரே கப்பல். ஒன்று கிட்டத்தட்ட நல்லது, மற்றது அலுமாரிக்கு அழகு.

தாட்சாயினி எழுதினாள்: 'மார்வென்டோ நல்லதா என்ற கேள்விக்கு விடை இல்லை. இந்த மார்வென்டோ நல்லதா என்று கேட்டால் விடை உண்டு.' பெரிய கொம்பனிக்காரர் ஒவ்வொன்றையும் அனுப்புமுன் ஒருவரை உட்கார்த்தி ஊதிப் பார்ப்பார்களாம், ரீச்சர் சொன்னா. மலிவு விலையில் அந்த ஆளின் கூலியைத்தான் கழித்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அப்படியென்றால் அந்த வேலையை வாங்குகிறவர் செய்யவேண்டும். அவளுக்கு அந்த வேலை தெரியும். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த விதுசன் மூன்றாம் பெட்டியைத் தட்டினான். "இதுதான் ராசியானது அக்கா. பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போங்கோ. உள்ளுக்கு என்ன இருந்தாலும் சந்தோசம்தானே."

"நீ வாங்கு. நான் அளந்து தாறன்."

இன்னொன்றையும் பிரித்து நட்டப்படப் பிரதீபன் விரும்பவில்லை; மூன்றாம் பெட்டி பிரிக்காமலே லொறியில் போய்விட்டது. அதற்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒருவேளை மிக நல்ல கருவி அதுவாக இருக்கலாம். நான் பிராண்டின் பெயரை எழுதாததற்குக் காரணம் அதுதான்: சரியாக அளக்காத ஒன்றைப் பற்றி ஏற்கனவே ஒரு தடவை பக்கம் நிறைய எழுதியாயிற்று.

8

இன்று வியாழன். ஒழுகும் கருவியைப் பிரதீபன் வகுப்புக்கே கொண்டுவந்தான். ரீச்சர் பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெட்டுகளுக்கு மூடி சரிசெய்து பழகியவ. லைட்டர் சுடரை மூடியின் முதுகில் காட்டி, உள்ளே ஒட்டியிருக்கும் மெழுகை இளக்கி, தோலைத் துளையின் வாய்க்கு நேராக அழுத்திவிட்டா. இரண்டு இறப்பர் வளையத்தைப் போட்டு மூடியை இறுக்கிக் கட்டினா.

"விடியும் மட்டும் தொடாத. தோலில வட்டம் பதியவேணும். இப்ப ஊதிப் பாத்தாய் எண்டா எல்லாம் கெட்டுப்போம்."

"பதியாட்டி ரீச்சர்?"

"பதியாட்டி தோல் மாத்த வேணும். அது யாழ்ப்பாணத்தில. ரெண்டு கிழமை."

இரண்டு கிழமை என்றால் சனிக்கிழமை தில்லைநாதனுக்கு. பிரதீபன் கருவியைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனான். காலையில் அவள் வந்து வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) தண்ணீரூற்றுக் கலியாணத்தில் அவள் தாழ் ஸ ஊதுகிறாள். மண்டபமே அமைதியாகிறது. அழித்துவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பில் யாரும் அமைதியாவதில்லை. ஜெனரேற்றர் ஓடும், வீடியோக்காரர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்வார்.

(ஆ) மூடி பதியவில்லை. அவள் புன்னகையோடு தில்லைநாதனுக்கு வாழ்த்துச் சொல்கிறாள். அழித்துவிட்டேன். வாழ்த்துச் சொல்வாள். புன்னகை வராது. என்னை எனக்குத் தெரியும்.

(இ) மூடி பதியவில்லை, ஆனாலும் அவள் வாங்கிவிடுகிறாள், ஏனென்றால்

(இதை முடிக்க முடியவில்லை. 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு நான்கு காரணம் எழுதிப் பார்த்தேன். நான்கும் சரியாகவே இருந்தன. அதுதான் பயமாக இருக்கிறது.)

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. அவளுடைய அளவுகோலை மட்டும் தருகிறேன். தாழ் ஸவை மெதுவாக, மூன்று தடவை ஊதுவாள். மூன்றிலும் வந்தால் வாங்குவாள். ஒன்றிலும் வராவிட்டால் வாங்கமாட்டாள். இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அவள் அளக்கத் தெரிந்தவள், ஒரு தடவை பிழைவிட்டதால் இன்னும் கொஞ்சம் தெரிந்தவள். ஆனால் இரண்டு தடவை வந்து, ஒரு தடவை வராவிட்டால்? ஆலையில் அப்படி வந்தால் நாலாவது தடவை குத்துவோம். கடையில், வெள்ளிக்கிழமை காலை, நாலாவது தடவை ஊதுகிறவள் அளப்பதற்காக ஊதுகிறாளா, ஆசைக்காக ஊதுகிறாளா? அதை வெளியில் நின்று பார்க்கிற உங்களால் சொல்லமுடியும். நீங்கள் சொல்லுங்கள்.

நாளை, வெள்ளி: எட்டு மணிக்கு முன் பிரதீபன் கடை. புது ரீட் ஒன்று. பத்து நிமிடம் மேல் சுரங்களில் சூடாக்குவது. பிறகு இறப்பர் வளையத்தைக் கழற்றி, தாழ் ஸ, மெதுவாக.